ஓதி முடிக்கிற நேரம்

வீட்டு வேலைக்கு வரும் செல்வி அதைத் தேய்த்துவிட்டாள்.

குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், மேசைமேல் பழைய செய்தித்தாள் அடுக்கின்மீது அது புதுப் பாத்திரம்போல மின்னிக்கொண்டிருந்தது. ஒரு முனையில் இதழ் இதழாக வளைந்த தகடுகள் கொண்ட சிறு சக்கரம், அதிலிருந்து நீளும் விரல் தடிமன் எஃகுத் தண்டு. காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். வருகிறவர்கள் என்று அதிகம் பேர் இல்லை.

"இன்னா சார் அது, ஒரே கரி புடிச்சிக் கெடந்துச்சி. எலுமிச்சந்தோலு போட்டுத் தேச்சேன், போவல. கம்பி நாரு போட்டேன், அப்பவும் போவல. அப்பறம் கத்தியால சொரண்டினேன். பாரு, எப்டிப் பளபளங்குது!"

பாராட்டுக்காக நின்றாள். அவள் முணுமுணுத்துக்கொண்டே போனபின் பாத்திரம் கழுவும் தொட்டியில் குனிந்து பார்த்தேன். கரித்தூள் தண்ணீரோடு போயிருந்தது. தொட்டியின் ஓரத்தில் எலுமிச்சம்பழத் தோல் ஒன்று மட்டும் கறுத்துக் கிடந்தது.

அந்தக் கரி ஒரு சாட்சி. உன் பக்கம் பேசக்கூடியதாக இந்த உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சமிருந்தது. இனி நான் மட்டும்தான். என்னை நம்பி நீ ஒரு காரியத்தை விட்டுப் போயிருக்கக்கூடாது. போய்விட்டாய். அதனால் எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்த இரும்பு உருட்டாலையின் ஜெனரேட்டர் அறை உனக்கு நினைவிருக்கும். நான்கு பெரிய டீசல் ஜெனரேட்டர்கள். நான் அவற்றுக்குப் பொறுப்பான இன்ஜினியர், நீ ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மெக்கானிக்காக வந்தவன். இருவருக்கும் ஒரே வயது. முதல் நாளே என்னை 'நைனா' என்று கூப்பிட்டாய். சூப்பர்வைசர் பல்லைக் கடித்தார். "சார்னு கூப்புடுடா" என்றார். "சாருன்னு சொன்னா கம்பெனில நாப்பது பேர் திரும்பிப் பாக்குறாங்க சார். நைனான்னா இவுரு ஒருத்தர்தான் திரும்புறாரு" என்றாய்.

அறைச் சுவரில் வெள்ளைப் பெயிண்டால் நானே எழுதி வைத்திருந்தேன்: 'சுமையை எடுத்தபின் ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டு நிறுத்தவும்.' என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நீ அதை இடுப்பில் கை வைத்துக்கொண்டு படித்தாய்.

"வெறுமனேன்னா இன்னா அர்த்தம் நைனா? அது வெறுமன ஓடல. மூச்சு வாங்குது."

எதற்காக அந்த ஐந்து நிமிடம் என்பதை நான் கல்லூரியில் படித்திருந்தேன். டர்போ என்பது ஒரே தண்டின் இரு முனைகளில் இரு சக்கரங்கள். எஞ்சின் வெளியே தள்ளும் சூட்டுப்புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். மறு சக்கரம் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் திணிக்கும். நிமிடத்துக்கு லட்சம் சுற்று சுற்றும் அந்தத் தண்டைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம். எஞ்சினைச் சட்டென்று நிறுத்தினால் எண்ணெய் வருவது நின்றுவிடும், சூடு மட்டும் நிற்காது. உள்ளே தேங்கிய எண்ணெய் வெந்து கரியாகும். நீ இதைப் படிக்கவில்லை. "தம்மு போடாம பிரியாணிச் சட்டியத் தெறப்பியா நைனா? இதுக்கும் தம்மு இருக்குது" என்றாய். என் அரைப் பக்கத்து விளக்கத்தை ஒரு சட்டியில் அடக்கிவிட்டாய். அப்போது அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு நீ வேலையை விட்டுக் கவரைப்பேட்டையில் சாலையோரம் ஷெட் போட்டாய். ஆலைத் தொழிலாளர்களை ஏற்றி வரும் ஏழு வேன்களும் உன்னிடம் வந்தன. அவற்றை அனுப்பியது ஆலையின் போக்குவரத்து அதிகாரி தணிகாசலம். சொன்னது நான். அந்த நன்றியை நீ வாயால் சொன்னதில்லை. என் காரில் சொன்னாய்.

அந்தக் கார்! சோழவரத்தில் பழைய பந்தயத் தடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவன் இப்படி ஊர்கிற வண்டி வைத்திருப்பது அவமானம் என்று நீ சொல்லிச் சொல்லித்தான் ஆரம்பித்தது. டர்போ இல்லாத சாதா டீசல் கார். மேம்பாலம் ஏறினால் சைக்கிள்காரன் முந்துவான். உடைப்புக் கடையிலிருந்து ஒரு வேனின் டர்போவைக் கொண்டுவந்தாய். ஒரு வருட ஞாயிற்றுக்கிழமைகள். காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் ஒன்றை முன்பக்கக் கம்பிச் சட்டத்துக்குப் பின்னால் பொருத்த மூன்று வாரம் அறுத்துப் பற்றவைத்தோம். எஞ்சினிலிருந்து டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயை நீயே வளைத்தாய். புகைக்குழாயின் சூடு படாமல் இருக்கக் கல்நார்க் கயிறு சுற்றினாய். எண்ணெய்க் குழாயின் இணைப்பில் வைக்கப் பேக்கிங் தாளைத் தட்டித் தட்டி வெட்டிக்கொண்டிருந்தாய். நேரமாகிறது, ட்யூபிலிருந்து பேஸ்ட்டைப் பிதுக்கி ஒட்டிவிடலாமே என்றேன்.

"ஆயில் லைன்ல பேஸ்ட்டு வெக்கிறவன் மெக்கானிக்கே கெடையாது நைனா. உள்ள பிதுங்கும். பிச்சிக்கினு போயி ஓட்டைய அடைக்கும். என் கையால எந்த வண்டிலயும் வெச்சதில்ல. வெக்கவும் மாட்டேன்."

அதை நீ சொன்னபோது சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய். அதனால்தான் இவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது.

முதல் ஓட்டத்துக்கு எளாவூர் செக்போஸ்ட் வரை போனோம். நான்கு வழிச்சாலை புதிதாகத் திறந்திருந்தார்கள். தார் இன்னும் கறுப்பாக இருந்தது. மிதித்ததும் ஒரு விசில் கிளம்பி முதுகை இருக்கையோடு அழுத்தியது. நீ பக்கத்தில் உட்கார்ந்து "ஆங்... ஆங்... அட்ச்சி ஓட்டு நைனா!" என்று கத்தினாய். முன்னால் போன லாரிகள் எல்லாம் பின்னோக்கி வருவதுபோல் இருந்தது. எனக்கு நாற்பதுக்குமேல் ஆகியிருந்தது. அதற்குமுன்போ பின்போ அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

திரும்பி வந்து ஷெட் வாசலில் நிறுத்திச் சாவியில் கை வைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உன் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. முடித்ததும் டேஷ்போர்டின் மேல் மெதுவாக ஊதினாய். பிறகு கையை விட்டாய்.

"இப்ப நிறுத்து."

"என்ன இது?"

"குர்ஆன்லேர்ந்து ஒரு அல்ஹம்து, மூணு குல்ஹு. ஓதி முடிக்கிற நேரம். செவுத்துல அஞ்சு நிமிஷம்னு எழுதி வெச்சிருக்க, அது பெரிய எஞ்சினு. இதுக்கு இது போதும். வாச்சு பாக்க வேணாம் பாரு."

நான் கடிகாரத்தைப் பார்த்து வைத்திருந்தேன். ஒரு நிமிடம், அதைவிட இரண்டு மூன்று நொடி கூட. எனக்கு ஓதத் தெரியாதே என்றேன். "ஒனக்குத் தெரிஞ்சத சொல்லு. ஓம் பொண்ணு பேர நூறு தபா சொல்லு. எதுனா ஒண்ணு சொல்லு. சும்மா ஒக்காந்தா கை சாவிக்குப் போயிடும்" என்றாய்.

ஆறு மாதம் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன்.

அப்புறம் ஆலை கைமாறியது. புது நிர்வாகம் வாசலில் அட்டை தேய்க்கும் இயந்திரத்தை மாட்டியது. பதினெட்டு வருடம் வேலை பார்த்த இன்ஜினியரும் நேற்று வந்த பையனும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். எட்டரை தாண்டி ஒரு நிமிடம் ஆனாலும் சிவப்பில் விழும். மாதம் மூன்று சிவப்பு விழுந்தால் விளக்கக் கடிதம். எனக்குக் கீழே பயிற்சிக்கு வந்தவன் எனக்கு மேலே உட்கார்ந்து அந்தக் கடிதங்களை வாங்கிப் படித்தான். அவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. எட்டு இருபத்தெட்டுக்கு ஆலைக்குள் நுழைவேன். சோழவரத்திலிருந்து மிதித்த மிதியில் டர்போ செக்கச்செவேலென்று இருந்திருக்கும். சாவியைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டு ஓடுவேன். நான்கு மாதம், தினமும்.

உன்னிடம் சொல்லவில்லை. நீ கேட்டாய். "ஓதறியா நைனா?" என்று கேட்பாய். "ம்" என்பேன். அந்த ஒரு நிமிடத்தை அந்த இயந்திரம் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் முன்னால் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கலாம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அந்தக் காலை தணிகாசலம் வண்டியில் இருந்தார். காரனோடையில் ஏறிக்கொள்வார், தினமும் வருகிறவர்தான். தச்சூர் கூட்டுச்சாலையைத் தாண்டும்போது விசில் ஊளையாக மாறியது. பிறகு தகரத்தைத் தகரத்தில் தேய்க்கிற சத்தம். வண்டி இழுவை விட்டுவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சாலையே இல்லை, நீலம் கலந்த வெள்ளைப் புகை. ஒரு லாரிக்காரர் பக்கத்தில் வந்து தலையை நீட்டினார்.

"இன்னா சார், கொசு மருந்து அடிச்சிக்கினு போறியா?"

தணிகாசலம் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவும் அவரை நான் மன்னிக்கவில்லை.

ஒரு டெம்போவில் கயிறு கட்டி உன் ஷெட்டுக்கு இழுத்து வந்தோம். நீ நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். கையைக்கூடக் கழுவவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு வந்து, முதலில் காற்றுக் குழாயைக் கழற்றிச் சாய்த்தாய். உள்ளிருந்து எண்ணெய் வழிந்தது. டர்போவின் வாய்க்குள் விரலை விட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டினாய். ஆடவே கூடாத தண்டு பால்பல் மாதிரி ஆடியது. சக்கரத்தின் இதழ்கள் ஓட்டில் உரசி மழுங்கிப் போயிருந்தன.

"மவுத்து. செத்துடுச்சி" என்றாய். பிறகு, "எதனாலன்னு பாக்காம வேற மாட்டினா அதுவும் போயிடும். டர்போ தானா சாவாது நைனா. எதுனா ஒண்ணு சாவடிக்கும்" என்றாய்.

எண்ணெய்க் குழாயைக் கழற்றி ஒரு டப்பாவுக்குள் விட்டு, எஞ்சினைச் சுற்றச் சொன்னாய். பீறிட்டு வர வேண்டிய எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்தது. குழாயை வைஸில் கடிக்கவைத்து ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தாய். இரண்டாகப் பிளந்து வெயிலில் பிடித்தாய். உள்ளே அடிப்பிடித்த பால்சட்டிபோலக் கறுத்துத் தடித்திருந்தது. டர்போ முனைக்கு வர வர ஈர்க்குச்சி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது.

நீ என்னைப் பார்த்தாய். எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கும் புரிந்துவிட்டது. அந்த ஷெட்டில் புரியாதவர் தணிகாசலம் ஒருவர்தான், அவர் உன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாய் ஆச்சு? எதுனால இது?"

ஜெனரேட்டர் அறைச் சுவரில் என் கையெழுத்தில் அந்த விதி இருக்கிறது. அதை எழுதியவனே சொந்த வண்டியைச் சூட்டோடு நிறுத்தி எரித்தான் என்று தணிகாசலம் மதியச் சாப்பாட்டுக்குள் கேன்டீன் முழுக்கச் சொல்லியிருப்பார். எனக்கு மேலே உட்கார்ந்தவன் அதைக் கேட்டுச் சிரித்திருப்பான். அவர்கள் சிரிப்பது எனக்குக் காதில் கேட்டது. நீ வாயைத் திறக்குமுன் நான் திறந்தேன்.

"ஆயில் லைன்ல பேஸ்ட் அடைச்சிருக்கும்."

அடைத்துவிட்டது என்று சொல்லவில்லை பார். அடைத்திருக்கும். தமிழில் அந்த 'இருக்கும்' எவ்வளவு வசதியான சொல்! அதில் பொய் இல்லை, ஒரு யூகம் மட்டும்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நான் பல வருடம் குடியிருந்திருக்கிறேன்.

பேஸ்ட் என்றால் ரப்பர் மாதிரி வரும். நசுக்கினால் நசுங்கும், உடையாது. நீ குழாயிலிருந்து ஒரு துணுக்கை நகத்தால் பெயர்த்தாய். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாய். பொடியாகி உன் பெருவிரல் ரேகையெல்லாம் கறுத்தது. அந்த விரலை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாய். தணிகாசலத்துக்குக் காட்டவில்லை. எனக்கு மட்டும்.

"அப்டியும் இருக்கும் சார்" என்றாய்.

சார். அத்தனை வருடத்தில் முதல் தடவை. நாற்பது பேரில் ஒருவனாக நானும் அன்றைக்குத் திரும்பிப் பார்த்தேன்.

உன்மீது எனக்குக் கோபம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏன் ஒப்புக்கொண்டாய்? "இது கரி, இவுரு ஓதாம நிறுத்தியிருக்காரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நான்கு நாள் தலைகுனிந்திருப்பேன், ஐந்தாம் நாள் மறந்திருப்பேன். நீ சொல்லவில்லை. பாரத்தை என் தலையில் ஏற்றிவிட்டு நீ பேசாமல் நின்றாய். அதைப் பெருந்தன்மை என்று மற்றவர்கள் சொல்லலாம். எனக்கு அது தண்டனையாகத்தான் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

வேறு டர்போவை நீதான் மாட்டினாய், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில். நான் பக்கத்தில் நின்றேன். "சார், டார்ச்சு." "சார், பதினாலு ஸ்பேனரு." வேறு பேச்சில்லை. எண்ணெய்த் தொட்டியை இறக்கி அடியில் வண்டலாகப் படிந்திருந்த கரியை வழித்தாய். காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டரைக் கழற்றி, உள்ளே தங்கிய எண்ணெய் முழுக்க வரும்வரை மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கினாய். அதை விட்டால் எஞ்சின் அந்த எண்ணெயையே குடித்துக் கட்டறுத்து ஓடும் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் நீ விளக்குவாய் என்று காத்திருந்தேன். விளக்கவில்லை. புதுக் குழாய் வளைத்தாய். பேக்கிங் தாளை வெட்டினாய். இந்தத் தடவை வெட்டிய தாளை என்னிடம் நீட்டி, "பாத்துக்கோ சார்" என்றாய். மாட்டுமுன் டர்போவின் வாயில் எண்ணெயை ஊற்றி, சக்கரத்தை விரலால் சுற்றிச் சுற்றி ஊறவிட்டாய். பிறகு டீசலை அடைத்துவிட்டு எஞ்சினை வெறுமனே சுழலவிட்டு, திரும்பி வரும் குழாயில் எண்ணெய் தெரிந்தபிறகுதான் கிளப்பினாய். ஒரு எதிரியின் வண்டிக்கு யாரும் அவ்வளவு செய்யமாட்டார்கள். நண்பனின் வண்டிக்கு அவ்வளவு மௌனமாகவும் செய்யமாட்டார்கள்.

மறுபடி எளாவூர்வரை ஓட்டம். விசில் பழையபடி வந்தது. நீ கத்தவில்லை. ஷெட் வாசலில் நிறுத்தியதும் என் கையைப் பிடிக்கவும் இல்லை. "சாவி மேல கை வெக்காத சார்" என்று மட்டும் சொன்னாய். ஓதினாய். ஊதினாய். "இப்ப நிறுத்து."

இறங்கும்போது செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை இருக்கையில் வைத்தாய். செத்த டர்போவின் தண்டு. எண்ணெய் ஓட வேண்டிய இடமெல்லாம் கரி அப்பி, மீதி இடம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

"வெச்சிக்கோ. படிச்சவன் நீ. படிச்சிப் பாரு."

ஒரு மாதத்துக்குள் ஏழு வேன்களும் வேறு ஷெட்டுக்குப் போயின. தணிகாசலம் யாரிடமும் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதைத்தான் சொன்னார், அந்த 'இருக்கும்' மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. சிப்காட் டிரைவர்களுக்குப் பெயர் வைப்பதைவிட்டால் வேறு பொழுதுபோக்கு ஏது? பேஸ்ட் பாய். கேன்டீனில் முதல் தடவை அதைக் கேட்டபோது நான் சாம்பாரை இன்னொரு கரண்டி கேட்டேன். "பேஸ்ட் பாய் கடைலயா உட்ட? ப்ரேக்கு ஆயிலுக்குப் பதிலா கோல்கேட்டு ஊத்தியிருப்பாரு!" சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். கையால் ஒரு தடவையும் பேஸ்ட் வைத்திராத மனிதன் நீ. உனக்கு அதைவிடப் பொருந்தாத பெயரை யாரும் யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. அவர்கள் யோசிக்கவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.

ஷெட்டை மூடிவிட்டு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் டீசல் பம்புகளைப் பார்க்கிற ஒப்பந்த வேலைக்கு நீ போய்விட்டாய் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் பொன்னேரி ரயில்வே கேட்டில் உன்னைப் பார்த்தேன். நீ பைக்கில் இருந்தாய், நான் காரில். கேட் போட்டிருந்தது. நீ என் பானெட்டைப் பார்த்தாய், எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாய். சரியாக இருக்கிறது என்பதுபோலத் தலையை லேசாக ஆட்டினாய். கேட் திறந்தது. அதுதான் கடைசி.

நெஞ்சுவலியில் போய்விட்டாய் என்றார்கள். எனக்குத் தெரியவந்தபோது நாற்பதாம் நாளும் கழிந்திருந்தது. பழவேற்காட்டில், நீ காக்கா என்று கூப்பிடும் உன் அண்ணனின் கயிறு, வலைக் கடைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உன்னைப் பற்றிப் பேசினார். கடைசியில் கேட்டார்:

"நல்லா போய்க்கினு இருந்த ஷெட்ட ஏன் மூட்னான்னு கடசி வரைக்கும் சொல்லவே இல்ல சார். கேட்டா, 'அப்டித்தான் காக்கா'ன்னுவான். உங்களுக்கு எதுனா தெரியுமா?"

"தெரியல" என்றேன். இதில் 'இருக்கும்' என்ற மறைப்புகூட இல்லை.

காரை விற்றேன். என் மனைவி மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை, திரும்பி வரும் பேச்சும் இல்லை. "உங்களோட பேசுனா யாராவது ஒருத்தர் தப்பு பண்ணியிருக்கணும்" என்று போவதற்கு முந்தின வாரம் சொன்னாள். அதையும் நான் மறக்கவில்லை. வீட்டில் நானும் இந்தத் தண்டும் இருந்தோம்.

இதுவரை எழுதிவிட்டு எட்டு நாள் மூடி வைத்துவிட்டேன்.

நேற்று பழவேற்காடு போனேன். பளபளக்கிற தண்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். எதற்கென்று தெரியவில்லை, அதில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. உன் அண்ணன் நைலான் கயிறு அளந்துகொண்டிருந்தார். வாடிக்கையாளர் போகும்வரை நின்றேன். பிறகு சொன்னேன். இந்தத் தடவை வினைச்சொற்களைச் சரியாக முடித்தேன். "நான் வண்டியைச் சூட்டோடு நிறுத்தினேன். எண்ணெய் கரியாச்சு. டர்போ போச்சு. உங்க தம்பி பேஸ்ட் வைக்கல. வச்சதா நான் சொன்னேன். அதனாலதான் ஷெட்டு போச்சு."

அவர் தண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டர்போன்னா இன்னா சார்?"

சொன்னேன். சூட்டுப்புகை, சக்கரம், எண்ணெய், நிறுத்துவதற்கு முன் காத்திருக்க வேண்டிய நேரம். நீ ஓதியது, ஊதியது. பொறுமையாகக் கேட்டார். கயிற்றுச் சுருளைக் காலால் ஒதுக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எவ்ளோ நேரம் சார் நிக்கணும்?"

"ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷமா?" என்றார். கோபமாக இல்லை. கணக்கு புரியாத மனிதன் கேட்பதுபோல. "ஒரு நிமிஷத்துக்கா சார்?"

அவர் எதிர்க்கடைக்குக் கை காட்டி ஒரு டீ சொன்னார். ஒன்றுதான். வந்ததும் என் பக்கம் நகர்த்திவிட்டு மறுபடி கயிறு அளக்கப் போனார். தண்டை அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கிளம்பும்போது அது அவருடைய கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், ரசீதுகளின் மேல், எடைக்கு இருந்தது.

இப்போது என்னிடம் இருப்பது சின்ன பெட்ரோல் கார். அதில் டர்போ கிடையாது. பெரும்பாலும் சந்தைக்குப் போய்வரத்தான் எடுக்கிறேன். நேற்று பழவேற்காட்டிலிருந்து திரும்பி வீட்டு வாசலில் வந்து நின்றதும் வழக்கம்போல உட்கார்ந்திருந்தேன். காய்கறி வண்டிக்காரர் நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார். "சார், பெட்ரோலு வேஸ்ட்டாவுதே, ஆஃப் பண்ணேன்" என்றார். கையை ஆட்டி அனுப்பினேன். ஓத எனக்கு இன்னும் தெரியாது. நீ ஓதுகிற நீளம் மட்டும் தெரியும். உன் உதடு எங்கே நிற்கும், எங்கே மறுபடி தொடங்கும், மூன்றாவது எப்போது முடியும் என்பது. பெண்ணின் பெயரைச் சொல்லச் சொன்னாய். இப்போதெல்லாம் நான் சொல்வது அது இல்லை. நைனா, நைனா என்று உன் குரலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முடிந்ததும் டேஷ்போர்டின் மேல் மெதுவாக ஊதினேன். பிறகுதான் சாவியைத் திருப்பினேன்.